விதுரர் சொல்லாத புத்தியா?

தருமபுரியிலிருந்து புறப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மூவாயிரம் அடிக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகும் அவற்றின் நிழலில் காப்பியுமாக விரிந்து கிடக்கும் வத்தல்மலைக்குச் சென்ற மாதம் நான் போயிருந்தபோது, அங்கே ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் இணையச் சூதாட்டத்தின் தீமைகளைப் பற்றி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கீழிருந்து காரில் வந்திருந்த ஆலோசகர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சைத் தொடங்குமுன், அந்த மலை ஜனங்களுக்குள்ள மலையாளி என்ற இனப்பெயரைக் கொண்டு என்ன அனுமானித்தாரோ, "உங்களுக்கெல்லாம் தமிழ் புரியுமல்லவா?" என்று ஒரு கேள்வி கேட்டார். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அந்த ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார், திரும்ப வாங்கிக்கொண்டார், புறப்படும்போது என்னிடம், "இவர்களுக்கு விவரம் போதாது, அவ்வளவுதான் ஐயா. நாலு நல்ல வார்த்தை எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுத்தான், இதே படிவந்தான்" என்று பூரண திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு உண்டான கோபம் இன்னும் தணியவில்லை.

அந்த ஒருவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வீட்டில் மாமனார் முதல் மேடையில் மந்திரி வரை எல்லோரும் கொண்டிருக்கும் நம்பிக்கையைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். சூதாடுகிறவன் விவேகமில்லாதவன்; ஆகவே அவனுக்கு விவேகத்தைப் புகட்டினால் போதும்; புகட்டுகிறவன் யாராக இருந்தாலென்ன, கேட்கிறவன் எந்த ஊரானாக, எந்தக் குலத்தானாக இருந்தாலென்ன, புத்தி என்பது எங்கும் ஒன்றுதானே என்பது அந்த நம்பிக்கை. பாரதக் கதையை ஒரு தரமேனும் கேட்ட நாட்டில் இப்படியொரு நம்பிக்கை எவ்வாறு உயிரோடு இருக்கிறது என்பதே எனக்கு விளங்காத ஆச்சரியம்.

தருமனுக்கு விவரம் போதாதா? சாஸ்திரங்களை ஓதியவன், ராஜசூயம் செய்தவன், தர்மத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டவன். அவனுக்குப் புத்தி சொல்ல ஆளில்லையா? சூதுக்கு அழைக்கும் ஓலையைக் கொண்டுபோன தூதரே விதுரர். பாரதம் முழுவதும் தேடினாலும் அவரைப் போல நீதி சொல்லத் தெரிந்தவர் அகப்படமாட்டார். சூது நாசத்துக்கு மூலம் என்பதை அழைப்போடு சேர்த்தே அவர் சொன்னார். தருமனும் ஆமென்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டபடியே போய் ஆடினான். செல்வம் போயிற்று, நகுலன், சகதேவன், அர்ஜுனன், பீமன் என்று தம்பிமார் நால்வரும் போனார்கள், தானும் போனான், திரௌபதியும் பணயமானாள். தோற்றதெல்லாம் திரும்பக் கிடைத்து ஊருக்குப் போகும் வழியில், இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது மறுபடியும் போய் உட்கார்ந்தான். விதுரர் சொல்லாத எந்தப் புத்தியை இந்த முக்கால் மணி நேரப் பேச்சு சொல்லிவிடப் போகிறது?

படிவத்துக்கு வருகிறேன். அதன் முதற் கேள்வி, "நீங்கள் சூதாடுவதுண்டா?" என்பது. அங்கே இருந்த அத்தனை பேரும் "இல்லை" என்று குறித்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஓர் இளைஞன், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்து கொண்டுவந்த பணம் முழுவதையும் கைபேசியில் தோற்றவன் என்பதை அவன் வீட்டாரே எனக்குச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, "ஏன் தம்பி இல்லை என்று போட்டாய்?" என்று தனியே கேட்டேன். "நா சூதாடல சார், ரம்மிதான் ஆடறன்" என்றான். பொய் சொல்கிற முகமே அல்ல அது. சூது என்பது அவனுக்குக் கூத்தில் சகுனி ஆடுவது. தான் செய்வதற்கு அவனிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன: ஆட்டம், கேம், பந்தயம். பெரியவர்களுக்கு அது சீட்டு. கேரளத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு லாட்டரி. கீழே சந்தைப் பக்கம் ஒளித்து விற்பதற்கு மூணு நம்பர். இவற்றில் எதையும் அவர்கள் சூது என்ற சொல்லால் சொல்வதில்லை. முதற் கேள்வியின் முக்கியச் சொல்லே வாசலில் தடுக்கி விழுந்துவிட்டது. உள்ளே இருப்பவனை அது எங்கே போய்ப் பார்ப்பது?

இத்தகைய வினாத்தாள்களுள் பேர்பெற்றது, அமெரிக்காவில் சௌத் ஓக்ஸ் என்ற மருத்துவமனையில் 1987 இல் உருவானது. அதை ஆக்கியவர்கள் தங்கள் தேசத்து ஜனங்களுக்காக ஆக்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. குதிரைப் பந்தயம், பிங்கோ, காசு வைத்து ஆடும் கோல்ஃப் என்று அவர்கள் நாட்டு ஆட்டங்களை அதில் அடுக்கினார்கள். கடன் வாங்கிய இடங்களைக் கேட்கும்போது கிரெடிட் கார்டு, செக் என்று அவர்கள் நாட்டுக் கடன்களைக் கேட்டார்கள். அந்த மாதிரியை எடுத்துத் தமிழாக்கி மலைக்குக் கொண்டுவருகிறவர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதை அவர்கள் செய்யவில்லை. வத்தல்மலைக்காரன் செக் எழுதுவதில்லை. கொடியில் இருக்கும்போதே மிளகுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறான், மனைவியின் தோட்டை அடகு வைக்கிறான், ஆட்டை விற்கிறான். "மாதச் சம்பளத்தில் எத்தனை சதவிகிதம் இழந்தீர்கள்?" என்ற கேள்விக்கு, காப்பியும் மிளகும் விளைந்து கைக்கு வரும் அந்தச் சில வாரங்களில் மட்டும் காசைக் காண்கிறவன் என்ன பதில் எழுதுவான்? அவனுடைய ஆபத்துக் காலம் அந்தச் சில வாரங்கள்தான் என்பதை அறிந்த ஆலோசகர், தை மாசியில் மலையேறி வருவார். எனக்குத் தெரிந்து வருகிறவர்கள் எல்லாம், கணக்கு முடிக்க வேண்டிய மாதத்தில் வருகிறார்கள்.

அந்த இளைஞன் ஏன் ஆடினான் என்பதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். அக்காள் மகள் பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் சீர் வைக்கவேண்டும். கையில் இருந்த பணம் சபையில் வைக்கும்படியாக இல்லை. அதை இரட்டிப்பாக்கலாம் என்று தொடங்கினான். முதல் இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் போயிற்று. அதன் பிறகு, "விட்டதப் புடிக்கணும் சார், வேற நெனப்பே இல்ல" என்றான். இவனிடம் போய், "உழைக்காமல் வரும் பணம் நிலைக்காது" என்று உபதேசம் செய்தால் அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். தருமனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான். பெரிய தகப்பன் அழைத்தால் போகாமல் இருப்பது மரியாதையல்ல, அறைகூவினால் பின்வாங்குவது க்ஷத்திரியனுக்கு அழகல்ல என்ற கௌரவத்தின் வழியாகத்தான் சூது தருமனுக்குள் நுழைந்தது. வத்தல்மலை இளைஞனுக்குள் அது தாய்மாமன் என்ற கௌரவத்தின் வழியாக நுழைந்தது. அந்த வாசல் எங்கே இருக்கிறதென்று அறியாதவன் எத்தனை பூட்டுக்களைக் கொண்டுவந்துதான் என்ன பிரயோஜனம்? சீரைக் குறைத்து வைத்தாலும் மாமன் மாமனே என்று அக்காளும் ஊர்ப் பெரியவர்களும் அவனிடம் சொல்லும்படி செய்திருந்தால், அந்த ஒரு வார்த்தை அவனை நிறுத்தியிருக்கும். அதைச் செய்விக்க, சீர் என்றால் என்னவென்று ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. "பாதிக்கப்பட்டவர்கள் எழுந்து தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்" என்று அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1957 இல் சூதாடிகள் தாங்களே கூடி ஒரு சங்கம் அமைத்தபோது, பெயரில்லாதவர்கள் என்றே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊர் பேர் தெரியாதவர் முன்னிலையில் மனத்தைத் திறப்பது அந்தப் பெருநகரத்தில் சாத்தியம். சில பத்து வீடுகளே உள்ள மலையூரில், வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பங்காளிகள், மீதிப்பேர் மாமன் மச்சான்கள். எழுந்து நின்று சொன்னால் நாளைக்குத் தங்கையைப் பெண் கேட்டு வருகிற வீட்டார் காதிலே அது விழும். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கப் போனாள். பக்கத்தில் இருந்த மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். மகளிர் குழுவில் அவள் பெயரில் வாங்கிய கடனைப் புருஷன் கைபேசியில் விட்டுவிட்டான் என்பதும், வாரத் தவணையை அவளுக்காக மற்றப் பெண்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அவள் அழவேண்டிய இடம் அந்த வராந்தா அல்ல. அதற்கு ஓர் அடுப்படியும், பெண்ணொருத்தியும், அரை நாள் அவகாசமும் வேண்டும். மூன்றும் அந்தக் காரில் வரவில்லை.

விவரம் போதாது என்று மலைக்காரனைச் சொல்கிறார்களே, அவனைக் குழப்பினவர்கள் யார்? ரம்மி திறமையின் ஆட்டம் என்று 1967 இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996 இல் சொன்னது. இணைய ரம்மியைத் தடுக்கத் தமிழக அரசு 2021 இல் செய்த சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளிற்று. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 இல் சட்டசபை நிறைவேற்றி அனுப்பிய சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றி 2023 இல் அது அமலுக்கு வந்தபோது, சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இத்தனை காலமும் கதாநாயகர்கள் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டே ஆட அழைத்தார்கள். ஆடித் தோற்று உயிரை விட்டவன் செய்தியையும் அந்த விளம்பரத்தையும் ஒன்றாகவே நாம் பார்த்தோம். லாட்டரிச் சீட்டை 1968 இல் அரசாங்கமே அச்சிட்டு விற்றது. 2003 இல் அரசாங்கமே தடுத்தது. "கோர்ட்டே தெறமன்னு சொல்லிச்சே சார்" என்று அந்த இளைஞன் என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை அடியோடு தடுத்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்பாரும் உண்டு. "அது போனா வேற லிங்க் வருது சார்" என்பது அதற்கும் அவன் சொன்ன மறுமொழி.

நல்ல ஆலோசனை எப்படி இருக்கும் என்பதற்கும் நான் பாரதத்தைத்தான் காட்டுவேன். எல்லாவற்றையும் தோற்று வனத்தில் உட்கார்ந்து, என்னைப் போன்ற பாவி உண்டா என்று ஏங்கிய தருமனிடம் பிருகதசுவர் என்ற முனிவர் வந்தார். சூது கெட்டது என்று அவர் தொடங்கவில்லை. உன்னைவிட அதிகமாகத் தோற்ற ஒருவன் இருந்தான் என்று நளன் கதையைச் சொன்னார். சொல்லி முடித்து, தருமனை எப்போதும் ஏமாற்றிவந்த காய்களின் மர்மத்தையும் கற்பித்துவிட்டுப் போனார். அவன் யார், எதற்கு நாணுகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று அறிந்து பேசிய பேச்சு அது. அப்படியும் பன்னிரண்டு வருஷ வனவாசம் கழிந்து, விராடன் சபையில் தருமன் எடுத்துக்கொண்ட வேஷம் கங்கன் என்ற சூதாட்டத் துணைவனுடையது! அத்தனை ஆழமாக வேரோடும் வியாதி இது. அமெரிக்க மனநோய் வைத்தியர்களும் 2013 முதல் இதைக் குடிப் பழக்கத்தோடு ஒரே பந்தியில் வைத்துவிட்டார்கள். குடிநோயாளியை ஒரு பிரசங்கத்தால் குணப்படுத்தலாம் என்று இப்போது யாராவது சொல்கிறார்களா?

சிங்கப்பூரில் 2010 இல் சூதாட்ட விடுதிகளைத் திறந்தபோது, ஆடுகிறவனின் குடும்பத்தாரே விண்ணப்பித்து அவனை உள்ளே விடாமல் தடுக்க வழி செய்தார்கள். தங்கள் ஜனங்களுக்குக் குடும்பத்தை விட்டுத் தனியே ஒரு மனிதன் இல்லை என்று உணர்ந்து செய்த ஏற்பாடு அது. நம் தருமபுரிச் சீமையில் அதற்குமேல் ஒன்று இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, சூதும் துகிலுரிதலும் ஆடுகிற இரவில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். தருமன் காய் உருட்டும்போது அவனை முட்டாள் என்று கூட்டத்தில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை, பெண்கள் அழுகிறார்கள், ஆண்கள் தலை குனிகிறார்கள். சூதாடியை இகழாமல் அவனுக்காக அழத் தெரிந்த ஜனங்கள் இவர்கள். இவர்களுக்கா விவரம் போதாது?

ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரியவர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2022 இல் ஏற்பட்ட 14416 என்ற மனநலத் தொலைபேசி எண் நல்ல ஏற்பாடு. விட்டதைப் பிடிக்கணும் என்று ஒருவன் சொன்னால் அதன் பொருள் இன்னதென்று அறிந்தவரை அந்த முனையில் உட்கார வையுங்கள். மலைக்கு அனுப்புகிறவரை முதலில் மலையில் பத்து நாள் இருக்கச் செய்யுங்கள். மிளகு எப்போது பறிக்கிறார்கள், சீர் எவ்வளவு வைக்கிறார்கள், குழுக் கடன் எந்தக் கிழமை கட்டுகிறார்கள் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மலைப் பிள்ளைகளிலேயே படித்த இரண்டு பேரை எடுத்து அந்த வேலைக்குப் பழக்கினால் இன்னும் உத்தமம். அந்த இளைஞன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். இந்த வருஷத்து மிளகு இன்னும் கொடியில் இருக்கிறது. அது கைக்கு வருமுன் யாராவது அவனிடம் போய் உட்கார வேண்டும்.