தொட்டிக்கு எந்த மணல்?

கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பார்த்து மயங்குகிறார்கள். பிறகு கண்ணாடித் தொட்டி, விளக்கு, பம்பு என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான், "அடியில் போட ஏதாவது மணல் கொடப்பா" என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். மணல் வெறும் அலங்காரம் என்பது அவர்கள் எண்ணம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை நான் ஒரு நண்பர் வீட்டில் கண்கூடாகப் பார்த்தேன்.

நண்பர் திருவல்லிக்கேணிவாசி. நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட தொட்டி வாங்கினார். கடற்கரை பத்து நிமிஷ நடை. "கடல் மீனுக்குக் கடற்கரை மணலைவிட வேறென்ன ஸார் வேண்டும்?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாலு சாக்கு அள்ளி வந்து அரையடி உயரத்துக்குப் பரப்பினார். மூன்று மாதம் கழித்து, கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் மணலின் அடியில் கரி பூசினாற்போல் ஒரு பட்டை தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டியை விட்டு நன்றாகக் கிளறிவிட்டார். அழுகிய முட்டை நாற்றம் கூடமெல்லாம் அடித்தது. மறுநாள் காலை ஆறு மீன்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அவருடைய சிறு பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். ஆழமான மணலின் அடிப்பகுதிக்குப் பிராணவாயு எட்டாது. தீனி மிச்சமும் மீன்களின் கழிவும் அங்கே அகப்பட்டு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்கு அங்கேயே கிடந்திருக்கும். கரண்டிதான் எமனாக வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு மெரினாவின் இரு முனைகளிலும் கூவமும் அடையாறும் கடலில் கலக்கின்றன. அந்த மணலோடு என்னென்ன வீட்டுக்குள் வந்ததோ!

ஆழமான மணலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாலங்குலத்துக்கு மேல் பரப்பி, அடியில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டே நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் முறை உண்டு. மொனாக்கோவில் ழான் ஜோபர் என்ற விஞ்ஞானி இதைச் செய்து காட்டிப் பெயர் பெற்றார். ஆனால் அது பழகிய கைகளுக்குரிய வேலை. புதிதாக ஆரம்பிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஓரங்குலம் போதும் என்பது என் அபிப்பிராயம். நண்பருடைய தொட்டிக்கு அது சுமார் 20 கிலோதான் ஆகும்.

என்ன மணல்? அரகோனைட் என்று ஒன்று விற்கிறார்கள். நம் கிளிஞ்சலில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்துதான். பஹாமாஸ் தீவுகளை ஒட்டிய கடலடியில் இது சிறு சிறு மணிகளாகத் தானே உருண்டு திரள்கிறது. கடையில் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மணல். பேசாமல் இருந்தால் ஆற்று மணல். இந்த மணல் கரைந்து தண்ணீரின் காரத்தன்மையைக் காப்பாற்றும் என்று சில கடைக்காரர்கள் பிரமாதமாக அளப்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒழுங்காக இருக்கும் தொட்டித் தண்ணீரில் அது ஏறக்குறைய கரைவதே இல்லை.

மணியின் பருமன் ஒன்று முதல் இரண்டு மில்லி மீட்டர் இருந்தால் சிலாக்கியம். சர்க்கரைபோல் பொடியாக இருந்தால் பம்பின் வேகத்தில் பறந்து பாறைமேல் படியும். ஜல்லிபோல் பெரிதாக இருந்தால் இடுக்குகளில் தீனி தங்கி அழுகும். எதுவானாலும் அரிசி களைவதுபோல் தண்ணீர் தெளியும்வரை கழுவியே போட வேண்டும்.

வளர்க்கப்போகும் மீனையும் யோசிக்க வேண்டும். ராஸ் இனத்து மீன்களில் பல, இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குகிறவை. மணல் இல்லாவிட்டால் தவித்துப் போகும். உளுவை இனத்தில் சில, வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக விடும். அவற்றுக்குக் கூரான கிளிஞ்சல் தூள் ஆகாது. கோமாளி மீனுக்கோ மணலைப் பற்றிக் கவலையே இல்லை. மணலே போடாமல் வெறும் கண்ணாடியாக விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுத்தம் செய்ய எளிது. எனக்கென்னவோ அதைப் பார்த்தால் ஆஸ்பத்திரித் தரைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நண்பர் மனம் தேறி இரண்டாம் முறை ஆரம்பித்தபோது, ராமேசுவரம் போய்வந்த அவர் மைத்துனர் ஒரு பை நிறையப் பவளக்கல் கொண்டுவந்து கொடுத்தார். உடைத்து அடியில் போட்டால் அழகாக இருக்குமாம். நான் தடுத்தேன். மன்னார் வளைகுடாவில் தீவுகளைக் காப்பது பவளப் பாறைகள்தான். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கடியில் இருக்கின்றன. பவளம் வெட்டியதையே அதற்கு முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். அவ்விரண்டையும் சேர்த்து 21 தீவுகள் 1986-ல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது, புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு.

"செத்த கல்தானே ஸார்?" என்றார் நண்பர்.

புலித்தோலும் செத்த புலியினுடையதுதான் என்றேன். பையை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மணலுக்குப் பணம் கொடுக்க அவர் தயங்கவில்லை. மைத்துனரிடம் இந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.