மூக்கா அளவுகோல்?

தியாகராய நகரில் பட்டு மின்னுகிறது. மயிலையில் மணி ஒலிக்கிறது. அடையாற்றில் மாளிகை உயர்கிறது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது சாக்கடை. அது அடைத்துக்கொண்டால் அழைக்கப்படுபவன் யார்? ஏழைத் தொழிலாளி!

குழிக்குள் அவனுக்காகக் காத்திருப்பது கழிவு மட்டுமல்ல. ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று! காற்றைவிடக் கனமானது, அடியில் தங்குவது. சிறிதளவில் அழுகிய முட்டையாய் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை எட்டினாலோ மூக்கையே மரக்கச் செய்யும். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளில் ஆளைச் சாய்க்கும். "நாற்றம் போய்விட்டது, இறங்கு" என்கிறார் மேலே நிற்கும் ஒப்பந்தக்காரர். நாற்றமா போயிற்று? நுகரும் ஆற்றலல்லவா போயிற்று!

எல்லை வகுக்கத் தெரியாத நாடா இது? 1984-இல் போபால் பிணக்காடானது. அதன்பின் 1987-இல், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்த நச்சுக்காற்றுக்கு எட்டு மணி நேர வேலையில் 10 பங்கு, சிறிது நேரத்துக்கு 15 பங்கு என எல்லையும் விதித்தார்கள். கழிவுநீர் இறைக்கும் நிலையம் தொழிற்சாலைக் கணக்கில் வந்தது; தெருக்குழியில் இறங்கியவன் வரவில்லை. சுவருக்குள் இருப்பவனுக்கு மட்டுந்தானா நுரையீரல்?

பாதுகாப்பின்றிக் குழியில் ஆளை இறக்குவது குற்றம் என்றது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். காற்றளக்கும் கருவி வேண்டும் என்றன அதன் விதிகள். நடந்தது என்ன? 2019 நவம்பரில், ராயப்பேட்டையில், ஒரு வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் மயங்கிய தன் உடன்பிறந்தவனை மீட்க இறங்கினான் ஓர் இளைஞன். அவனை மீட்டான், தான் மாண்டான். கருவி இருந்து, அதைப் பார்க்கக் கண்ணும் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் அழுதிருக்குமா?

குழியில் மாண்டவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்சநீதிமன்றம் கூறியது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: உயிர் போனபின் தொகையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, போகுமுன் காற்றை அளக்கத் தெரியாதா?

நாம் கேட்பது சலுகை அல்ல. குழிக்குள் எந்திரம் இறங்கட்டும்! மனிதன் இறங்கியே தீரவேண்டிய அரிய வேளையில், முதலில் கருவி இறங்கட்டும். அது காட்டும் எண் ஏட்டில் ஏறட்டும். அதன்கீழ் அதிகாரி கையெழுத்திடட்டும்! எண் எல்லையைத் தாண்டினால் எவரும் இறங்கலாகாது!

தோழர்களே! உங்கள் தெருவில் மூடி திறக்கப்படும்போது அருகே சென்று கேளுங்கள்: "அளந்தீர்களா?" அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கும்!