ஏற்காட்டில் தோட்டம் இருக்கிறது... ரைஃபிள் வாங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பெங்களூரிலோ சென்னையிலோ ஐ.டி. வேலை, ஏற்காட்டில் ரெண்டு ஏக்கர் காபித் தோட்டம். வார இறுதியில் மலையேறி வந்தால் மிளகுக்கொடி சாய்ந்து கிடக்கிறது, புதிதாக நட்ட காபிச் செடிகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. இரவில் காட்டு மாடு வந்து போயிருக்கிறது. அடுத்தது என்ன? போனை எடுத்து யூடியூபைத் திறந்தால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆட்கள் 500 மீட்டர், 800 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை ஒரே தோட்டாவில் சாய்க்கிறார்கள். எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப், எவ்வளவு விலை என்று கமென்ட்டில் கேட்பவர்களில் தமிழ்ப் பெயர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்கு இங்கே பதில் வேறு. இந்தியாவில் வேட்டைக்கென்று ரைஃபிள் வாங்க வழியே இல்லை. ஆனால் துப்பாக்கி உரிமம் வாங்க வழி இருக்கிறது, சுடக் கற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

வேட்டை எப்போது குற்றமானது?

மலைவாசஸ்தலங்களில் வேட்டை ஒருகாலத்தில் கௌரவமான பொழுதுபோக்கு. நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் நோக்கம், வேட்டைக்காரர்களுக்கு விலங்குகள் தீர்ந்துபோய்விடக் கூடாது என்பதுதான்! தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 1965-க்கு முன்பு, அன்றைய சேலம் மாவட்டத்துப் பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தை, புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்தியது பாயின்ட் 405 வின்செஸ்டர். அவரது கதைகளைப் படித்துவிட்டு இன்றும் அந்தத் துப்பாக்கியைப் பற்றி விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். பலரும் நினைப்பதுபோல அன்றே வேட்டை முழுசாக ஒழிந்துவிடவில்லை. உரிமம் வாங்கி வேட்டையாடும் ஏற்பாடு அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 1991-ல் வந்த திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. இப்போது 9-வது பிரிவின்படி, அட்டவணைகளில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது. ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். குறி தப்பிவிட்டது என்று யாரும் தப்பிக்க முடியாது.

காட்டு மாடும் காட்டுப்பன்றியும் ஒன்றல்ல

செய்திகளில் ‘காட்டெருமை’ என்று எழுதப்படுவது உண்மையில் எருமையே அல்ல, மாட்டினம். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோவை நெருங்கும். சேர்வராயன் மலையில் இவை காபித் தோட்டத்துக்குள்ளும் சாலையோரத்திலும் நிற்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிது அல்ல. சுற்றுலாப் பயணிகள்தான் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கப் போகிறார்கள்.

காட்டு மாடு அட்டவணை 1-ல் இருக்கிறது, அதாவது புலி, யானையோடு ஒரே வரிசையில். காட்டுப்பன்றி 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணை 2-ல். இந்த எண் வித்தியாசத்தில்தான் விவசாயியின் தலையெழுத்தே இருக்கிறது. 11-வது பிரிவின்படி, அட்டவணை 2 விலங்கு மனித உயிருக்கோ, நிற்கிற பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்தானதாகிவிட்டால், அதைச் சுட தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். அட்டவணை 1 விலங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது அந்த விலங்கு மீளவே முடியாத நோயிலோ ஊனத்திலோ இருக்கிறது என்றால் மட்டுமே அனுமதி. பயிரைத் தின்றது ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படாது. ஒரு ராத்திரியில் ஐந்து வருட மிளகுக்கொடி போனாலும் இதே பதில்தான்.

மீறினால்? அட்டவணை 1 விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் அது குற்றம் இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் வேறொரு குற்றத்தைச் செய்துகொண்டிருக்கக் கூடாது. செத்த விலங்கு அரசின் சொத்து. உரிமம் இல்லாத துப்பாக்கியோடு நின்றவர் ‘அது என் மேலே பாய வந்தது’ என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

சரி, பன்றிக்காவது வழி உண்டா?

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு எல்லைக்கோடு போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.யைத் தாண்டினால் சுடலாம். ஆனால் சுடப்போவது விவசாயி இல்லை, வனத்துறை ஊழியர்கள்.

சமவெளி விவசாயிக்கு இது ஓரளவு உதவும். மலையில்? நாகலூர், வெள்ளக்கடை, செம்மடுவு பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வதே பல இடங்களில் கடினம். காப்புக்காட்டை ஒட்டியே தோட்டம் வைத்திருப்பவருக்கு 3 கி.மீ. விதியால் பயன் இல்லை. அதிக சேதத்தைச் சந்திப்பவருக்குக் குறைந்த உதவி என்ற இந்த முரண்பாட்டை அரசு இன்னும் தீர்க்கவில்லை.

கேரளம் வேறு பாதையில் போனது. 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தமிழகத்திலும் அப்படி வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. நியாயமான கோரிக்கைதான். ஆனால் சுடுபவருக்குப் பயிற்சி இருக்கிறதா, தோட்டா எங்கே போய் நிற்கும் என்ற கேள்விகளைத் தாண்டித்தான் அதைப் பேச முடியும்.

உரிமம்: சட்டமே துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டது

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று தேடுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு. பயிர்ப் பாதுகாப்புக்கு அது சொல்வது ரைஃபிள் அல்ல. குழலின் வாய்வழியாக மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், உள்ளே வரி வெட்டாத வழவழப்பான குழல் துப்பாக்கி. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு என்றால் பாயின்ட் 22 ரைஃபிள் அல்லது ஏர் ரைஃபிள். அதுவும் அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். பெரிய ரைஃபிள் வேண்டும் என்றால் ‘தகுந்த காரணம்’ காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். வேட்டை அந்தக் காரணம் ஆக முடியாது.

ஏன் இந்தப் பாகுபாடு? ரைஃபிள் குழலுக்குள் திருகுபோல வரி வெட்டியிருக்கும். தோட்டா அதில் சுழன்றுகொண்டு வெளியேறும், பம்பரம் சாயாமல் நிற்பதுபோல நேராகப் பறக்கும். வரி இல்லாத குழலிலிருந்து சிதறும் ரவை சில பத்து மீட்டர்களிலேயே வேகம் இழக்கும். பயிரைக் காக்க அது போதும், பக்கத்து ஊர்க்காரர் உயிருக்கும் ஆபத்து குறைவு.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கையில் இருந்தாலும் விலங்கைக் கொல்ல அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. வெடிச்சத்தம் எழுப்பி விரட்டலாம், அவ்வளவுதான்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இந்த மலைகளின் பழைய தலைவலி. சேலம், தருமபுரி மலைக்கிராமங்களில் ‘தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும், அதன்பின் ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கிகள் கேட்பாரற்றுக் கிடப்பதும் வழக்கம். பிடிபட்டால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்து விற்பவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள்வரை. தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்கும் மலைவாசிக்கு இந்த எண்கள் தெரியுமா என்பது சந்தேகமே.

‘ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லையே?’

பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். ஆனால் எதைச் சுடுகிறோம் என்பதற்கு ஆயுதச் சட்டம் அல்ல, வனச் சட்டம்தான் பதில் சொல்லும். காட்டுப்புறாவை ஏர்கன்னில் அடித்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அதுவும் வேட்டைதான். ஆதாரத்தைச் சுட்டவரே தயார்செய்து கொடுத்துவிடுகிறார்.

தூரத்தில் சுடுவது ஏன் இவ்வளவு கடினம்?

வீடியோவில் பார்க்கும்போது ஸ்கோப்பின் கூட்டல் குறியை வைத்து விசையை இழுத்தால் போதும் என்று தோன்றும். நிஜத்தில் தோட்டா குழலைவிட்டு வெளியேறிய கணமே கீழே விழத் தொடங்குகிறது. 50 மீட்டருக்குச் சரிசெய்த பாயின்ட் 22 ரைஃபிள், 100 மீட்டரில் 15 செ.மீ.க்கு மேல் கீழே அடிக்கும். 100 மீட்டருக்குச் சரிசெய்த பாயின்ட் 308, 500 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் ஸ்கோப் எவ்வளவு விலையானாலும் உதவாது.

ஸ்கோப்பில் ‘3-9×40’ என்று எழுதியிருந்தால், 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. என்று பொருள். மடங்கு கூடினால் குறி கூடும் என்பது புதியவர்களின் முதல் தவறு. மடங்கு கூடும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிறது. ஸ்கோப்பின் குமிழ் பெரும்பாலும் ஒரு ‘க்ளிக்’குக்கு 100 மீட்டரில் 7 மி.மீ. அல்லது 1 செ.மீ. நகரும். இதுபோக ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் சுடும்போது பின்னும் முன்னும் இரண்டு பக்கமும் உதைக்கும். சாதாரண ஸ்கோப் அந்த உதையில் சீக்கிரம் பழுதாகும். அதற்கென்றே செய்த ஸ்கோப்தான் தாங்கும்.

மலை இன்னும் ஒரு சிக்கல். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கீழே உள்ளதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் தோட்டா குறிக்கு மேலேதான் போகும். குறி தப்பிய தோட்டா எங்கே போகும்? பாயின்ட் 22 ஒன்றரை கி.மீ.க்கு மேலும் பறக்கும், பெரிய ரைஃபிள் என்றால் சில கி.மீ. 20 கொண்டை ஊசி வளைவுகளும், அவற்றில் எந்நேரமும் பஸ்ஸும் பைக்கும் ஏறி இறங்கும் ஒரு மலையில், சரிவில் நின்று சுடுவதற்குப் பாதுகாப்பான திசை என்று ஒன்றைக் காட்டுவது சிரமம்.

ஆசை இருப்பவர் எங்கே போவது?

சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்டபோது ரசிகர் கூட்டத்தைச் சமாளிக்க போலீஸ் திணறியது நினைவிருக்கலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைக்குப் போனது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. அகலம். ஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை. சின்னத் துளை வழியாகப் பார்த்தே அடிக்க வேண்டும்.

புதியவர் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கும் முன் கிளப் துப்பாக்கியிலேயே சில மாதம் பழகுவது நல்லது. பின்கட்டையின் நீளம் தோளுக்குப் பொருந்துகிறதா, விசை எவ்வளவு இழுப்பில் விடுகிறது என்பதெல்லாம் கைக்குப் பழகினால்தான் தெரியும். கிளப்புக்குச் சேலத்திலிருந்து பஸ் ஏற வேண்டியிருந்தாலும், மூச்சையும் விரலையும் கட்டுப்படுத்த அங்கே கற்றுத்தருவதை எந்த வீடியோவும் தராது.

தோட்டக்காரருக்கு மிஞ்சுவது சூரியசக்தி வேலி, காவல், இழப்பீட்டு விண்ணப்பம். வேலியிலும் கவனம் தேவை. நேரடி மின்சாரத்தை வேலியில் விட்டதால் 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 3 யானைகள் இறந்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு விதி கொண்டுவந்தது. சேதமானால் உடனே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொல்லி, அவர்கள் வந்து பார்க்கும்வரை இடத்தைச் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும்.

முறைப்படி பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வாங்கியவருக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024-ல் தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, முடிவு ஜூன் 4. தோட்டத்தில் பலா பழுத்து, அந்த வாசனைக்குக் காட்டு மாடும் பன்றியும் இறங்கி வந்த மாதங்களில் துப்பாக்கி ஸ்டேஷன் அலமாரியில் இருந்தது.