டைம்அவுட் வந்தால் யாரைத் திட்டுவது?

தேர்வு முடிவு வரும் நாள். கடலூரோ சிதம்பரமோ, கல்லூரி லேப்களில் காட்சி ஒன்றுதான். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்று வந்து நிற்கும். உடனே லேப் அண்ணனுக்குத் திட்டு விழும். அவரும் ப்ராக்ஸி சர்வரை அணைத்து மறுபடி போடுவார். நோய் என்னவென்று பார்க்காமலே மாத்திரை கொடுக்கிற கதைதான்!

பதில் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்குவிட் என்ற இலவச ப்ராக்ஸி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாகில் ஒரு வரி எழுதுகிறது. முதல் எண் நேரம். இரண்டாவது எண், அந்தக் கோரிக்கை பிடித்த மில்லிவிநாடிகள். பலரும் கண்டுகொள்ளாத இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

503 பிழையோடு அந்த எண் 60,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால், எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஸ்குவிட் இணைப்புக்காகக் காத்திருக்கும் வழக்கமான நேரம் 1 நிமிடம். எண் மிகச் சிறியதாக இருந்தால், எதிர்முனை உடனே மறுத்திருக்கலாம். லினக்ஸில் பிழைப்பக்கமே இதைச் சொல்லிவிடும்: 110 என்றால் டைம்அவுட், 111 என்றால் மறுப்பு.

அடுத்து, பிழை யார் யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரே தளத்துக்கு மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கே. எல்லாத் தளங்களுக்கும் என்றால் கல்லூரியின் இணைப்பில். வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தடுமாறினால் கடலுக்கடியில்கூட இருக்கலாம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்திய இணையமே தள்ளாடியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோதோ மின்சாரமே போனது. இதற்கெல்லாம் லேப் அண்ணன் என்ன செய்வார்?

"டைம்அவுட் நேரத்தைக் கூட்டிவிட்டால் போச்சு" என்பது இன்னொரு நாட்டு வைத்தியம். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்ப ஒரு பாக்கெட்டுக்குச் சுமார் கால் விநாடி போதும். 60 விநாடியில் வராத பதில் 120 விநாடியில் வந்துவிடுமா? காத்திருக்கும் இணைப்புகள் குவிந்து, நன்றாக ஓடும் தளங்களும் சேர்ந்து திணறுவதுதான் மிச்சம்.

ஆகவே லாகை மாணவர்களுக்கும் காட்ட வேண்டும். யார் எந்தத் தளம் பார்த்தார் என்பது அதில் இருக்கிறதே என்ற கவலை நியாயமானது. கணினி முகவரிகளுக்குப் பதில் வெறும் எண்களைப் போட்டு, பார்த்த பக்கத்தின் முழு முகவரியை வெட்டித் தளத்தின் பெயரை மட்டும் விட்டு, ஒரு நகல் கொடுத்தால் போதும். நெட்வொர்க்கிங் பாடத்தில் டிசிபியைப் படம் போட்டுப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை எது? விண்ணப்பத்தின் கடைசி நாளில் கோளாறு உள்ளேயா வெளியேயா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தால், வெளியே ஒரு ப்ரவுசிங் சென்டருக்காவது ஓடலாம். திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த நாளும் போய்விடும்.