இங்கே, அங்கே, இன்று, நாளை

சென்ற சித்திரை விடுமுறையில் நம் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். எட்டாம் வகுப்பில் நம்மிடம் இலக்கணம் படித்தவள். இப்பொழுது நர்ஸ் வேலைக்குப் படித்துத் தேறி, ஜெர்மனிக்குப் போவதற்காக அந்நாட்டு பாஷையைக் கற்று வருகிறாள். கையில் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. முகத்தில் வாட்டமும் இருந்தது. முதல் பரீட்சையில் தவறிவிட்டாளாம். தகப்பனார் வாங்கிய கடன், தம்பியின் படிப்பு எல்லாம் அந்தப் பரீட்சையை நம்பியிருக்கின்றன என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பெரிய சொற்களெல்லாம் எப்படியோ வந்துவிடுகின்றன, ஸார். இங்கே, அங்கே, இன்று, நாளை என்னும் பொடிச் சொற்கள்தாம் காலை வாரிவிடுகின்றன” என்றாள்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். ஆங்கிலேயருக்காக ஆங்கிலத்தில் எழுதியது. அவள் ஒவ்வொரு ஜெர்மன் சொல்லையும் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி, பிறகு வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். கலாசாலை நாட்களில் இரண்டு வருஷம் ஜெர்மன் வகுப்புக்குப் போன அனுபவம் நமக்கு உண்டு. நாமும் அன்று அப்படித்தான் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டோம். இதில் ஜெர்மானியரையும் குறை சொல்வதற்கில்லை. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார், தம் தேசத்தாருக்காக எழுதி 1716-இல் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கணத்தை இலத்தீன் பாஷையிலேதான் எழுதினார். அவர்கள் இலத்தீன் வழியாகத் தமிழுக்கு வந்தார்கள். நாம் ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்குப் போகிறோம். கணக்கு நேராகிவிட்டது! ஆனால் இடத்தையும் காலத்தையும் காட்டும் சொற்களைப் பொறுத்தவரையில் இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் வீண். நேர்வழி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

முதலில் கேள்விச் சொற்களைப் பார்ப்போம். ‘எங்கே’ என்பதற்கு ஜெர்மனில் ‘வோ’. ஆனால் இது ஒருவர் இருக்கும் இடத்தை மாத்திரம் கேட்கும். போகும் இடத்தைக் கேட்க வேண்டுமானால் ‘வோஹின்’. புறப்பட்டு வந்த இடத்தைக் கேட்க ‘வோஹேர்’. மூன்றாவது நம் ‘எங்கிருந்து’ என்பதேயாகையால் அதில் தொல்லையில்லை. முதல் இரண்டில்தான் கவனம் வேண்டும். “எங்கே இருக்கிறாய்?” என்றும் “எங்கே போகிறாய்?” என்றும் நாம் ஒரே சொல்லால் கேட்டுவிடுகிறோம், இக்கால ஆங்கிலமும் அப்படியே. ஜெர்மானியன் காதில் “வோ போகிறாய்?” என்பது பிழையாகவே விழும். நம் மாணவி பரீட்சையில் தடுக்கி விழுந்த முதற்படி இதுதான். இதே நியாயப்படி, “இங்கே இரு” என்பதில் வரும் ‘இங்கே’ வேறு, “இங்கே வா” என்பதில் வரும் ‘இங்கே’ வேறு. முன்னது ‘ஹீர்’, பின்னது ‘ஹீர்ஹேர்’. அவ்வாறே ‘அங்கே’ இருப்பவனுக்கு ‘டோர்ட்’. அங்கே போகிறவனுக்கு ‘டோர்ட்ஹின்’.

ஹீருக்கும் டோர்ட்டுக்கும் நடுவில் ‘டா’ என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலப் புத்தகம் இதற்கு ஓரிடத்தில் ‘இங்கே’ என்றும் மற்றோரிடத்தில் ‘அங்கே’ என்றும் பொருள் சொல்லி மாணவியைத் திகைக்க வைத்திருந்தது. தமிழனுக்கு இதில் திகைப்பு வேண்டாம். அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துக்கள் உண்டென்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறதல்லவா? இவற்றில் உகரச் சுட்டை இந்தப் பக்கத்தில் நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இன்றும் ‘உது’, ‘உங்கே’ என்று அதைப் பேச்சில் காப்பாற்றி வருகிறார்கள். ‘டா’ அதற்கு முழுதும் ஈடாகாது. எனினும், இடத்தில் மிக அருகும் மிகத் தொலைவும் அல்லாத ஒன்று இருக்கக்கூடும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. “நான் டா இருக்கிறேன்” என்றால் “இதோ வந்துவிட்டேன்” என்று கருத்து. “டா இருக்கிறான்!” என்று விரல் நீட்டினால் “அதோ இருக்கிறான்!”. ‘இதோ’, ‘அதோ’ இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிய முடிச்சு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி ‘ஹின்’, ‘ஹேர்’. இந்த இரட்டையரைக் கண்டுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். இவற்றுக்குச் சரியான ஆங்கிலம் இல்லை. அதனாலேயே அந்தப் புத்தகம் நான்கு பக்கம் விளக்கம் எழுதிவிட்டு, “பழக்கத்தால் வரும்” என்று கைவிரித்திருந்தது. நாம் மாணவியைக் கேட்டோம்: “மேஜைமேல் இருக்கும் செம்பை உன்னிடம் எடுத்துவரச் சொல்ல வேண்டும், என்ன சொல்வாய்?”

“கொண்டுவா என்பேன்.”

“அதையே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சேர்ப்பிக்க?”

“கொண்டுபோ என்பேன்.”

“முடிந்தது பாடம். கொண்டுவா என்பது ‘ஹேர்’. கொண்டுபோ என்பது ‘ஹின்’. பேசுகிறவன் நிற்கும் இடத்தை நோக்கி வருவதெல்லாம் ஹேர். அவனை விட்டு விலகுவதெல்லாம் ஹின்.”

நம்முடைய வாவும் போவும் துணைவினையாக நின்று செய்யும் வேலையை ஜெர்மானியர்கள் இந்த இரண்டு சிறு சொற்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மாடியில் இருப்பவர் கீழே நிற்பவரை “மேலே வா” என்று அழைத்தால் ‘ஹெரவுஃப்’. கீழே நிற்கும் இருவரில் ஒருவர் மற்றவரை “மேலே போ” என்று அனுப்பினால் ‘ஹினவுஃப்’. ஏறும் படி ஒன்றே. சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதே வித்தியாசம். ஆஸ்பத்திரியில் கதவைத் தட்டினால் உள்ளே படுத்திருப்பவர் ‘ஹெரைன்’ என்பார். “உள்ளே வரலாம்” என்பது அதன் பொருள். ‘ஹினைன்’ என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். அது வெளியே நிற்பவர்கள் ஒருவரையொருவர் “உள்ளே போ” என்று தள்ளிவிடும்போது சொல்வது.

இவ்வளவு கற்ற பிறகு ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். வடக்கு ஜெர்மனியில் சாதாரணப் பேச்சில் இந்த நுட்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். மேலே வருவதற்கும் ‘ரவுஃப்’, மேலே போவதற்கும் ‘ரவுஃப்’! தெற்கே பவேரியாப் பக்கத்துப் பேச்சில் வித்தியாசம் இன்னும் உயிரோடிருக்கிறது. பாமரர் பேச்சு என்று படித்தவர்கள் ஒதுக்குவதிலேதான் சில சமயங்களில் பழைய இலக்கணம் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு யாழ்ப்பாணத்து உகரத்தோடு இதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

மேலே ‘ஓபென்’, கீழே ‘உண்டென்’, இடப்பக்கம் ‘லிங்க்ஸ்’, வலப்பக்கம் ‘ரெஹ்ட்ஸ்’ என்பவற்றை மனப்பாடம் செய்துவிட வேண்டியதுதான். ‘ட்ரூபென்’ என்னும் சொல்லிடம் மாத்திரம் சற்று நிற்போம். (இதிலுள்ள ‘ரூ’வைச் சொல்ல, ஊகாரத்துக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு ஈகாரத்தைச் சொல்ல வேண்டும்.) ‘அந்தப் பக்கம்’, ‘அக்கரை’ என்று பொருள். ஜெர்மனி 1949-இல் இரண்டு ராஜ்யங்களாகப் பிரிந்தது முதல் 1990-இல் மீண்டும் ஒன்றாகும் வரையில், கிழக்கில் இருந்தவர்கள் மேற்கையும் மேற்கில் இருந்தவர்கள் கிழக்கையும் ‘ட்ரூபென்’ என்றே குறிப்பிட்டு வந்தார்கள். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கரை என்றால் போதும், கேட்பவருக்கு விளங்கிவிடும். 1961-இல் பெர்லின் நகரின் குறுக்கே எழுந்த மதில் அண்ணனை ஒரு கரையிலும் தம்பியை மறு கரையிலும் வைத்துவிட்டது.

அந்த மதில் திறந்த கதையிலும் ஒரு வினையடைக்குப் பங்குண்டு. இது இடத்தைக் காட்டுவதன்று, காலத்தைக் காட்டுவது. 1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி என்பவர் பத்திரிகை நிருபர்களைச் சந்தித்தார். ஜனங்கள் இனி அனுமதி பெற்று வெளிநாடு போகலாம் என்னும் புதிய விதியைப் படித்தார். எப்பொழுதிலிருந்து என்று நிருபர்கள் கேட்டார்கள். மறுநாள் அறிவித்து, மனு வாங்கி, ஒழுங்காக அனுப்புவதே மேலிடத்தின் உத்தேசம். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிவிட்டு, ‘ஸோஃபோர்ட்’ என்றார், அதாவது ‘உடனே’. அது போதாதென்று ‘தாமதமின்றி’ என்று மற்றொரு சொல்லையும் சேர்த்தார். கேட்ட ஜனங்கள் மதிலை நோக்கித் திரண்டார்கள். வாயிற்காவலர்களுக்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை. நள்ளிரவுக்கு முன்பே போர்ன்ஹோல்மர் வீதி வாயிலைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

நம் மாணவி இந்தக் கதையைக் கேட்ட பிறகு ‘ஸோஃபோர்ட்’ என்பதை மறக்கவில்லை. அதன் சுற்றத்தாரையும் உடனே அறிமுகம் செய்துவைத்தோம். ‘யெட்ஸ்ட்’ என்றால் இப்பொழுது. ‘பால்ட்’ என்றால் கூடிய சீக்கிரம். நாளையாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். ‘க்லைஹ்’ என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அடுக்களையிலிருந்து சொல்லும் “இதோ வந்துவிட்டேன்” என்பதில் உள்ள ‘இதோ’. ஷபோவ்ஸ்கி அன்று ‘பால்ட்’ என்று சொல்லியிருந்தால் அந்த இரவு அவ்வளவு பேர் வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

நாட்களின் பெயர்கள் எளியவை. இன்று ‘ஹொய்ட்டெ’, நேற்று ‘கெஸ்டெர்ன்’, முந்தாநாள் ‘ஃபோர்கெஸ்டெர்ன்’, நாளை ‘மோர்கென்’, நாளை மறுநாள் ‘ஊபெர்மோர்கென்’. முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் நம்மைப் போலவே தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். வம்பெல்லாம் ‘மோர்கென்’ என்பதில்தான். நாளை என்றாலும் மோர்கென். காலை வேளை என்றாலும் மோர்கென். ‘ஹொய்ட்டெ மோர்கென்’ என்பது இன்று காலை. அப்படியானால் நாளைக் காலை ‘மோர்கென் மோர்கென்’ ஆக வேண்டுமே என்று கேட்கலாம். அவர்களுக்கே அது சகிக்கவில்லை. ‘மோர்கென் ஃப்ரூ’ என்று மாற்றிக் கொண்டார்கள். 1996-இல் ஒப்புக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின்படி, இன்று காலை என்னும்போது வரும் மோர்கெனைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். நாளை என்னும் மோர்கென் எப்பொழுதும் சிறிய எழுத்தில். கண்ணுக்கு இது உதவும், காதுக்கு உதவாது.

இதன் கடைசியில் ஓர் ஸகரம் ஒட்டிக்கொண்டு ‘மோர்கென்ஸ்’ ஆகிவிட்டால் தினந்தோறும் காலையில் என்று பொருள் மாறிவிடும். அவ்வாறே ‘மிட்டாக்ஸ்’ மத்தியானந்தோறும், ‘ஆபென்ட்ஸ்’ மாலைதோறும். மருந்துச் சீட்டில் இம்மூன்றும் வரும்; 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, மாலையில் ஒன்று. வாய்ச்சொல்லில் அந்த ஸகரத்தைக் காது தவறவிட்டால், தினமும் காலையில் கொடுக்க வேண்டிய மாத்திரையை நாளை ஒரு நாள் கொடுத்துவிட்டு நின்றுவிட நேரும். இதை விளக்கும்போது மாணவி ஒன்றும் பேசவில்லை. தன் குறிப்புப் புத்தகத்தில் அந்த ஓர் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டாள்.

இதைவிடப் பொல்லாதது ‘ஹொய்ட்டெ நாஹ்ட்’. சொல்லுக்குச் சொல் ‘இன்று இரவு’. ஆனால் விடியற்காலையில் இதைச் சொன்னால் சற்று முன் கழிந்த இரவையும் குறிக்கும்; பகலில் சொன்னால் வரப்போகும் இரவைக் குறிக்கும். எது என்பதை வினைச்சொல்லின் காலத்தைக் கொண்டே நிச்சயிக்க வேண்டும். நாமோ கழிந்ததை ‘நேற்றிரவு’ என்று சொல்லிப் பழகியவர்கள்.

சொற்களை வாக்கியத்தில் அடுக்கும் முறையில் மறுபடியும் தமிழ் கைகொடுக்கிறது. “நான் இன்று பெர்லினுக்குப் போகிறேன்” என்பதில் முதலில் காலம், பிறகு இடம். ஜெர்மனிலும் அவ்வாறே: “இஹ் ஃபாரெ ஹொய்ட்டெ நாஹ் பெர்லின்.” இடத்தை முன்னும் காலத்தைப் பின்னும் வைப்பது ஆங்கில வழக்கம், அதைப் பின்பற்றியே மாணவி மதிப்பெண்களை இழந்திருந்தாள். வினைச்சொல்லை மட்டும் இரண்டாம் இடத்தில் நிறுத்த வேண்டும். ‘ஹொய்ட்டெ’ என்று தொடங்கினால், “ஹொய்ட்டெ ஃபாரெ இஹ் நாஹ் பெர்லின்” என்று ‘நான்’ என்பது வினைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். நம்மவர்களுக்கு இது சில வாரங்கள் வரையில் சிரமமே.

மறு பரீட்சையில் அவள் தேறினாள். சென்ற மாதம் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கடிதம் எழுதியிருந்தாள். இரவுப் பணி முடியும் தறுவாயில் ஒரு கிழவர், ‘ஹொய்ட்டெ நாஹ்ட்’ என்று தொடங்கித் தூக்கமின்மையைப் பற்றி ஏதோ முறையிட்டாராம். வரப்போகும் இரவைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று எண்ணி ஆறுதல் சொல்ல வாயெடுத்தவள், வினைச்சொல் இறந்தகாலத்தில் இருந்ததைக் கவனித்து, கழிந்த இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினாளாம். காலையில் வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார்.

கடிகாரம்தான் அவளை ஏமாற்றிவிட்டது. ‘ஹால்ப் ஆஹ்ட்’, அதாவது ‘அரை எட்டு’ என்றால் ஏழரை மணி என்று இங்கேயே சொல்லி அனுப்பியிருந்தோம். எட்டை நோக்கிப் பாதி தூரம் போயாயிற்று என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பக்கத்தில் இதே கணக்கைக் காலுக்கும் நீட்டி, ஏழே கால் மணியைக் ‘கால் எட்டு’ என்கிறார்கள். அதைச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. எட்டே காலுக்குப் போய் நின்றாளாம்! இப்பொழுதெல்லாம் யார் மணி சொன்னாலும் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள்.