கலைச்சொல் காத்திருக்கட்டும்

“நீ என்னய்யா படிக்கிற?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், மின்னணுப் பொறியியல் படிக்கும் நம்மில் பலர், “சிப்பு சம்பந்தமா, பாட்டி” என்று சொல்லி நழுவிவிடுகிறோம். ஏன் என்று நண்பர்கள் கேட்டால், “அதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தையே இல்லையே” என்கிறோம். இந்தச் சாக்கு செல்லாது என்பது என் கருத்து. சொல் இல்லாததால் விளக்க முடியவில்லை என்கிறோமே, விளக்கிப் பார்த்தோமா?

பார்த்துவிடுவோம். கடினமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு நிகழ்வு எந்தக் கணத்தில் நடந்தது என்பதை, விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் துல்லியமாக அளக்கும் மின்சுற்றுகள் உள்ளன. அந்த நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோ விநாடி. அந்த நேரத்திற்குள் ஒளி செல்லும் தூரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். பள்ளிப் பையில் இருக்கும் அடிக்கோலின் நீளம்.

இதை அளக்கக் கடிகாரத் துடிப்புகளை எண்ணினால் போதாதா? விநாடிக்குப் பத்துக் கோடி முறை துடிக்கும் கடிகாரத்திலும் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நானோ விநாடி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சிப்பு சூடாகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இங்கேதான் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி கைகொடுக்கிறது. 1999 நவம்பர் 6ஆம் தேதி திறக்கப்பட்ட, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் அந்த ரயிலை நம்மில் பலர் அறிவோம். நம்மிடம் கைக்கடிகாரம் இல்லை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு மணி மட்டும் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் நேரம் அறிய வேண்டிய நிகழ்வு நடந்த அதே கணத்தில், ஒரு ரயிலைப் புக்கிட் பாஞ்சாங் நிலையத்திலிருந்து பெட்டீர் பக்கமாக அனுப்புகிறோம். அடுத்த மணி அடிக்கும்போது ரயில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். பெட்டீர், பெண்டிங் தாண்டிப் பங்கிட்டில் இருந்தால், நிகழ்வு நடந்து மூன்று நிலையத் தூர நேரம் ஆகியிருக்கிறது. மணி சொல்லாததை ரயில் சொல்லிவிட்டது!

சிப்புக்குள் நடப்பதும் இதுவே. ரயிலுக்குப் பதில் ஒரு மின் சமிக்ஞை. நிலையங்களுக்குப் பதில் வரிசையாக நிற்கும் லாஜிக் கேட்டுகள். ஒரு கேட்டைக் கடக்கச் சமிக்ஞைக்குச் சில பத்துப் பிக்கோ விநாடிகள் ஆகும்; பிக்கோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த துடிப்பில் சமிக்ஞை எத்தனை கேட்டைத் தாண்டியது என்று ‘படம்’ பிடித்தால் விடை கிடைத்துவிடும்.

ஒரு சிக்கல். நிலையங்களுக்கு இடையிலான தூரம் சமமாக இல்லை. கேட்டுகளும் அப்படித்தான், சூடேறினால் தாமதமும் மாறும். இதற்கும் ரயிலே வழி காட்டுகிறது. நினைத்த நேரத்தில் எல்லாம் ஆயிரக்கணக்கான படங்கள் எடுங்கள். எந்தப் பகுதியில் ரயில் அதிக முறை அகப்படுகிறதோ, அதைக் கடக்கத்தான் அதிக நேரம் ஆகிறது. பொறியாளர்கள் சுற்றைச் சரிபார்ப்பதும் இப்படியே.

இவ்வளவு நுட்பம் எதற்கு? தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் உள்ளது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதித் துகள் மழையாகப் பொழிகிறது. எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பப்பட்ட சுமார் 400 கருவிகள் அதை உணர்கின்றன. மழை நேராக விழுந்தால் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நனையும்; சாய்ந்து விழுந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நனையும். 30 டிகிரி சாய்வுக்கு, அடுத்தடுத்த இரு கருவிகளுக்கிடையே சுமார் 13 நானோ விநாடிதான் வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே கதிர் வந்த திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். 10 நானோ விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் கடிகாரம் மட்டும் அங்கே என்ன செய்ய முடியும்?

நண்பர்களே, மேலே உள்ள விளக்கத்தில் அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் ஏதாவது இருந்ததா? கேட், சிப்பு, லாஜிக் என்று கடன் வாங்கிய சொற்கள் உண்டு. அவற்றால் தமிழ் குறைந்துபோகவில்லை. கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கட்டுரைக்கும் பாடநூலுக்கும் அது தேவை. ஆனால், பொருள் புரியாதவனிடம் முதலில் பெயரைக் கொடுத்தால், அவனுக்கு மனப்பாடம் செய்ய இன்னொரு சொல் கிடைக்கும்; அவ்வளவுதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, அந்த மாத்திரை எவ்வளவு நேரம் என்பதற்குத் தொல்காப்பியம் தந்த அளவு கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். யாரிடமும் உள்ள கண்ணும் விரலுமே அன்றைய அளவுகோல். இன்று நாம் விநாடியை ‘நொடி’ என்கிறோமே, அது அந்த விரல் சொடுக்கிலிருந்து வந்த சொல். விளக்கம் முன்னே வந்தது. சொல் பின்னே நிலைத்தது.

ஆகவே நம் மன்றத்திற்கு ஒரு யோசனை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைக்கும்போது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் கேட்கும் புதிர்ப்போட்டியோடு நின்றுவிட வேண்டாம். இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஆய்வை மூன்று நிமிடம் தமிழில் விளக்கட்டும். கேட்கும் பதினான்கு வயதுப் பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்டால் விளக்கியவர் வென்றார். கேள்வியே வராவிட்டால், குறை தமிழில் இல்லை. இன்னும் எளிய உவமை தேட வேண்டும் என்று பொருள். முன்னாள் மாணவர்களும் வந்து தத்தம் தொழிலை இப்படிச் சொல்ல முன்வரலாமே! விளக்கிப் பழகினால் சொல் தானே வரும். அதுவரை கலைச்சொல் காத்திருக்கட்டும்.