சிறந்த பியர் எது என்ற கேள்வியில் உள்ள பிழை

பெங்களூருக்கு வரும் நண்பர்கள் இங்குள்ள ஆய்வு மாணவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்க இருக்கறதுலயே எந்த பியர் பெஸ்ட்?" இதற்கு ஒற்றைப் பெயரைப் பதிலாகச் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியின் அமைப்பிலேயே ஒரு பிழை இருப்பதாக நான் கருதுகிறேன். வெவ்வேறு நோக்கத்துடன் செய்யப்பட்ட பொருள்களை ஒரே அளவுகோலால் அளந்து முதலிடம், இரண்டாமிடம் தருவதுதான் அந்தப் பிழை.

பெங்களூருக்கும் பியருக்கும் உள்ள உறவு பழையது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து மதுவடிப்பாலைகளை ஒன்றிணைத்து 1915இல் தொடங்கிய யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் இந்நகரில்தான் இருக்கிறது. 2010களின் தொடக்கத்திலிருந்து இங்கே மைக்ரோபுரூவரிகள் பெருகின. வடிப்பதும் பரிமாறுவதும் ஒரே கூரையின் கீழ் நடப்பவை அவை. இந்திரா நகரிலுள்ள அத்தகைய ஓரிடத்தின் ஐந்து பியர்களை முன்வைத்தே இதை எழுதுகிறேன். பரிந்துரைப்பதோ பழிப்பதோ நோக்கமன்று என்பதால் கடையின் பெயர் தேவையில்லை.

முதலாவது ஹெஃபவைஸன், ஜெர்மனியின் பவேரியப் பகுதி மரபு. தானியத்தில் பாதிக்குமேல் முளைகட்டிய கோதுமை. முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் அதில் சேர்க்கப்படுவதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உருவாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற சேர்மமே வாழைப்பழ மணத்துக்குக் காரணம்; பழுத்த வாழையிலும் அதே சேர்மம்தான் மணக்கிறது. ஈஸ்ட் வடிகட்டப்படாததால் பியர் கலங்கலாக இருக்கும். அது குறையன்று, இலக்கணம். இக்கடையின் ஹெஃபவைஸன் அந்த இலக்கணத்தைச் சரியாக நிறைவேற்றுகிறது.

இரண்டாவது பெல்ஜிய மரபிலான விட்பியர். முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் ஆகியவை இதன் அடையாளம. ரசம் வைக்கும் வீட்டில் வளர்ந்த நாவுக்குக் கொத்தமல்லி விதை புதிதன்று. நல்ல விட்பியரில் அது பின்னணியில் நிற்கும். இங்கே முன்னால் வந்து கோதுமையை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது இந்தியா பேல் ஏல். இந்தியாவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இந்தியருக்காக வடிக்கப்பட்டதன்று. இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்து இங்கிருந்த கம்பெனி அதிகாரிகளின் மேசையைச் சேர்ந்த வெளிர்நிற ஏலிலிருந்து வளர்ந்த வகை அது. ஹாப்ஸ் பூக்களுக்குக் கெடாமல் காக்கும் தன்மை உண்டு என்பதால் கூடுதலாகச் சேர்த்தார்கள்; கசப்பு அதன் குணமாயிற்று. இங்குள்ள பேல் ஏலில் கசப்பு தெளிவாக இருக்கிறது, மணம் மட்டும் மங்கியிருக்கிறது. ஹாப்ஸின் மணம் வாரக்கணக்கில் தேய்ந்துபோகக் கூடியது. வடித்த நாளைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் குறை செய்முறையிலா காலத்திலா என்று சொல்லியிருக்கலாம்.

நான்காவது ஸ்டவுட். காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லாமல் காப்பியை நினைவூட்டும் சுவை, கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. நைட்ரஜன் வாயு செலுத்திப் பரிமாறுவதால் நுரை பாலாடைபோல் மென்மையாக இருக்கிறது. கசப்பும் வறுவலும் ஒன்றையொன்று மீறாமல் நிற்கின்றன.

ஐந்தாவது கோடைக்கால மாம்பழ பியர். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். முறையாக நொதித்த மாம்பழ பியரில் மணம் எஞ்சும், இனிப்பு எஞ்சாது. பழச்சாற்றை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். இக்கடையில் அந்த ஏமாற்றத்துக்கு அஞ்சி இனிப்பைக் கூட்டியிருப்பதாகத் தோன்றுகிறது. விளைவு பழச்சாறும் அன்று, பியரும் அன்று.

இப்போது வரிசைப்படுத்திப் பாருங்கள். போதையின் அளவைக் கொண்டால் பேல் ஏல் முதலிடம். ஏப்ரல் மாத நண்பகலின் தாகத்தைக் கொண்டால் ஹெஃபவைஸன். தான் எதுவாக விரும்பியதோ அதுவாக ஆகியிருக்கிறதா என்று கேட்டால் ஸ்டவுட்டும் ஹெஃபவைஸனும் தேறும், மாம்பழ பியர் தேறாது. மூன்று அளவுகோல், மூன்று வரிசை. இவற்றில் மூன்றாவது மட்டுமே வடித்தவரின் உழைப்பைப் பற்றி நமக்கு ஏதேனும் சொல்கிறது.

நம் நாட்டில் முதல் அளவுகோலே கோலோச்சுகிறது. இந்தியாவில் விற்கும் பியரில் மிகப்பெரும் பங்கு 'ஸ்ட்ராங்' வகைதான். இதை நாவின் இயல்பான தேர்வு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பல மாநிலங்களில் நெடுங்காலமாக பியர் மீதான வரி அதிலுள்ள ஆல்கஹாலைவிடப் பாட்டிலின் கொள்ளளவையே சார்ந்திருந்தது. கொடுக்கும் ரூபாய்க்குக் கூடுதல் போதை எதில் கிடைக்கிறதோ அதை வாங்குவது அத்தகைய ஏற்பாட்டில் அறிவுடைய செயலே. நம் ரசனை என்று நாம் நம்புவதில் ஒரு பகுதி வரிவிதிப்பின் பின்விளைவு. மொழியிலும் அதன் தடம் தெரிகிறது. கள், நறவு, தேறல், நெல்லிலிருந்து வடித்த தோப்பி என்று வகைபிரித்துப் பேசியது சங்க இலக்கியம். இன்றைய பேச்சுவழக்கு எல்லாவற்றையும் 'சரக்கு' என்ற ஒரே சொல்லில் மூட்டைகட்டிவிட்டது.

மேலைநாடுகளின் நட்சத்திர மதிப்பீடுகளும் இதற்கு மருந்தல்ல. இணையதளங்களின் உலகத் தரவரிசைகளில் மேலே நிற்பவை பெரும்பாலும் போதை மிகுந்த, கரிய இம்பீரியல் ஸ்டவுட்டுகள். செம்மையாக வடித்த எளிய லாகர் ஒன்று அங்கே மேலேறுவது அரிது. சிறு குறையையும் மறைக்க இடம் தராத லாகரை வடிப்பது கடினம் என்பதை வடிப்பவர்கள் அறிவார்கள். கல்விப்புலத்தில் இருக்கும் நமக்கு இந்த அபத்தம் பழக்கமானதே. கணிதத்துறையின் கட்டுரையையும் மருத்துவத்துறையின் கட்டுரையையும் மேற்கோள் எண்ணிக்கையால் ஒப்பிட்டுப் பணி வழங்கும்போது நாம் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்பின் நியாயத்தைக் குவளைக்கும் நீட்டிப்பது கடினமன்று.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? கூடும், முறையோடு. மென்மையானதில் தொடங்கிக் கசப்பானதையும் வறுவலானதையும் இறுதிக்கு வைக்க வேண்டும். கசப்பு நாவில் தங்கிவிடும். உறையும் குளிர் மணத்தை மரக்கச் செய்யும் என்பதால் ஸ்டவுட்டைச் சற்று நேரம் வெளியே வைத்து அருந்த வேண்டும். இரண்டு பியர்களுக்கிடையே உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா என்று ஐயம் வந்தால் மும்முனைச் சோதனை இருக்கிறது. மூன்று குவளைகளில் இரண்டில் ஒன்றையே ஊற்றி, எது தனித்தது என்று கண்டுபிடிக்கச் சொல்வது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகும். எனவே ஒரு வெற்றியை வைத்து மார்தட்ட முடியாது.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது. ஒரு குவளையின் விலையில் விடுதி உணவகத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பியரை எந்த அடிப்படையில் வரிவிதிக்க வேண்டும் என்ற கேள்வி அந்த விலையைத் தர முடியாதவரையே அதிகம் பாதிக்கிறது. மற்றொன்று உடல்நலம். மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே சேர்த்துவிட்டது. குடியாதிருப்பவர் குடிக்கத் தொடங்க இந்தப் பதிவில் எந்தக் காரணமும் இல்லை. குடிப்பவருக்கு மட்டும் சொல்வது இது: சுவையை அளவுகோலாகக் கொண்டவருக்கு நூறு மில்லி போதும், போதையை அளவுகோலாகக் கொண்டவருக்கு எல்லை இல்லை.

எனவே என் கோரிக்கைகள் இரண்டு. வடிப்பவர்கள் ஒவ்வொரு பியரின் வகையையும் வடித்த நாளையும் பலகையில் எழுதட்டும். மாநில அரசுகள் பாட்டிலின் கொள்ளளவை விட்டு ஆல்கஹாலின் அளவுக்கு வரி விதிக்கட்டும். வரிவிதிப்பு குறித்துப் பொருளியல் நண்பர்கள் மாறுபட்டால் காரணத்தோடு எழுதுங்கள், விவாதிப்போம்.